மறுபடி வேலைக்கு எடுப்பீங்களா?

தன்னைப் பற்றி விசாரிக்க வந்த போனைத் தானே எடுத்து, தனக்குத் தானே சுமாரான சான்று கொடுத்தவன் இந்த உலகத்தில் நீராவி ஒருவனாகத்தான் இருப்பான்.

நீராவி என்பது சலவைக்கூடத்தில் வைத்த பெயர். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைத் துவைத்துத் தேய்த்துக் கொடுக்கும் அந்தக் கூடத்துக்கு அவன்தான் சூப்பர்வைசர். நீராவி இஸ்திரி மிஷின் மாதிரி இவனும் வேலை பாதி, சத்தம் பாதி என்று யாரோ சொல்லப் போக, பெயர் ஒட்டிக்கொண்டது. அவனுக்கு அதில் வருத்தம் இல்லை. எவ்வளவு சத்தம் போட்டாலும் துணி சுருக்கமில்லாமல்தானே வெளியே வருகிறது.

அன்று மதியம் முதலாளியம்மா கீழே துணி மடிக்கிற புது மிஷினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். மேலே, கண்ணாடித் தடுப்புப் போட்ட ஆபீஸ் அறையில் போன் அடித்தது. நீராவி எடுத்தான்.

“ஓட்டல்லேர்ந்து பேசறோம். உங்க சூப்பர்வைசரைப் பத்தி ரெண்டு வார்த்தை கேக்கணும். முதலாளிங்களா?”

ஓர் ஓட்டலின் சலவைப் பிரிவுக்குத் தலைவராக ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, போன வாரம்தான் அவன் போய் வந்திருந்தான். இப்போதைய முதலாளியின் நம்பர் கேட்டார்கள். கொடுத்தான். அவர்கள் கூப்பிடுவதற்குள் முதலாளியம்மா நல்ல மனநிலையில் இருக்கும் நேரமாகப் பார்த்துச் சொல்லிவிடலாம் என்பது திட்டம். அந்த நேரம் வருவதற்குள் போன் வந்துவிட்டது.

“நான்தான் பேசறேன்” என்றான். யோசித்துப் பார்த்தால் அது பொய்யும் இல்லை. அவன்தானே பேசுகிறான்.

“ஆள் எப்படி?”

ஓட்டல்காரர்கள் முன்னால் அத்தனை நெஞ்சை நிமிர்த்திப் பேசியவனுக்கு, இப்போது தன்னைத் தானே புகழ நாக்குக் கூசியது.

“பரவாயில்லைங்க.”

“வேலை?”

“செய்வாருங்க.”

“குறைன்னு ஏதாவது?”

“வாய்தான் கொஞ்சம் நீளம்.” இதை மட்டும் கணீரென்று சொன்னான்.

“இங்கேருந்து போயிட்டா, மறுபடி அவரை வேலைக்கு எடுப்பீங்களா?”

நியாயமான கேள்வி. முதலாளியம்மாவின் நாற்காலியில் மனசுக்குள் ஏறி உட்கார்ந்து, அந்தச் சூப்பர்வைசரை மேலும் கீழும் பார்த்தான். எதிர்முனையில் இரண்டு முறை ஹலோ சொல்லிவிட்டார்கள்.

“அதை யோசிக்கணுங்க” என்றான்.

“ரொம்ப நன்றி” என்றது குரல். கதவைச் சாத்துகிற மாதிரியான நன்றி.

மறுநாள் காலையில், வேலைக்குக் கிளம்பி வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த மனைவியிடம் நடந்ததைச் சொன்னான். அவள் ஒற்றைச் செருப்போடு படியில் உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாளோ என்று குனிந்து பார்த்தான். சிரிப்பில் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

“ஏங்க, என்னைக் கேட்டிருந்தாக்கூட உங்களைப் பத்தி இன்னும் நல்லாச் சொல்லியிருப்பேனே.”

“நீயா?”

“பொய்தானே. சொல்லிட்டுப் போறேன்.”

அவளுக்கு மருந்துக்கடையில் காலையிலிருந்து மாலை வரை வேலை. அவனுக்கு மதியத்திலிருந்து நடுராத்திரி வரை. அவள் வீடு திரும்பும்போது அவன் இருக்க மாட்டான். அவன் திரும்பும்போது அவள் தூங்கியிருப்பாள். குடும்பத்தின் முக்கால்வாசியை இந்த வாசற்படியில், ஒரு செருப்புக்கும் மறு செருப்புக்கும் நடுவில்தான் நடத்தியிருக்கிறார்கள். ஓட்டல் வேலை பகல் வேலை. சாயங்காலம் அவளோடு உட்கார்ந்து ஏதாவது வம்பளக்க வேண்டும் என்பதுதான் அவனுடைய மொத்த லட்சியமும். அதைத்தான் நேற்று போனிலேயே கோட்டைவிட்டிருந்தான்.

மச்சினனைப் போனில் கூப்பிட்டார்கள். வேலை மாறுவதையே ஒரு வேலையாகச் செய்துவருகிறவன்.

“மாமா, இன்னையிலேர்ந்து போகாதீங்க. நோட்டீஸாவது ஒண்ணாவது. ஓட்டலுக்கு என் நம்பரைக் குடுங்க. முதலாளி குரல்ல நான் பேசறேன்.”

“மாப்ள, முதலாளி ஒரு பொம்பளைடா.”

“தொண்டை கட்டியிருக்குன்னு சொல்லிக்கிறேன் மாமா.”

அவள் போனைப் பிடுங்கி அணைத்தாள். “இவன் பேச்சைக் கேட்டா ரெண்டு வேலையும் போயிடும். ஓட்டலுக்கு நீங்களே போன் போட்டு உள்ளதைச் சொல்லுங்க. அப்புறம் அந்தம்மாகிட்ட போய் நேரா நோட்டீஸைக் குடுங்க. வாய் நீளம்னு நீங்களே சான்று குடுத்திருக்கீங்க. அதைக் கொஞ்சம் நல்லதுக்கும் உபயோகிச்சுப் பாருங்க.”

மறு செருப்பையும் மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அவன் ஓட்டலைக் கூப்பிட்டான். நேற்றுப் பேசிய அதே பெண்தான் எடுத்தாள்.

“நேத்து முதலாளி மாதிரி பேசினது நான்தாங்க.”

சிரிப்பை அடக்கிய குரலில் சொன்னாள்: “அதான் பார்த்தேன். வாய் நீளம்னு எந்த முதலாளியும் இவ்வளவு பாசமாச் சொல்லிக் கேட்டதில்லை.”

“மன்னிச்சிடுங்க. ஆனா மிஷின் முன்னாடி நின்னா, அங்க நான் பரவாயில்லை ரகம் இல்லை.”

“தெரியும். நீங்க வந்து ஓட்டிக் காட்டினது எல்லாருக்கும் பிடிச்சிருக்கு. ஆனா உங்க முதலாளி வாயால ஒரு வார்த்தை வேணும். எந்தத் தேதியில விடுவாங்கன்னும் தெரியணும். ஒரு மாசமோ ரெண்டு மாசமோ, காத்திருக்கோம். தேதி தெரியாம மட்டும் காத்திருக்க முடியாது. இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள சொல்லுங்க. இல்லைன்னா அடுத்த ஆளைக் கூப்பிட வேண்டியதுதான்.”

சிக்கலே அங்கேதான். முதலாளியம்மா ‘பார்க்கலாம்’ என்பதைத் தவிர வேறு பதில் சொல்லி யாரும் கேட்டதில்லை. லீவு கேட்டால் பார்க்கலாம். மிஷினுக்கு பெல்ட் கேட்டால் பார்க்கலாம். ஒருமுறை சுவிட்சுப் பெட்டியில் பொறி பறந்து, “அம்மா, மெயினை அணைக்கட்டுமா?” என்று இவன் கத்தியபோதுகூட அந்தச் சொல் பாதி வரை வந்துவிட்டது. முன்பொரு டிரைவர் நோட்டீஸ் கொடுத்தார். பார்க்கலாம், பார்க்கலாம் என்று கேட்டுக்கேட்டு இன்றைக்கும் இங்கேயேதான் வண்டி ஓட்டுகிறார்.

வேலைக்குச் சேரும்போது எழுதிக் கொடுத்தபடி இரண்டு மாத நோட்டீஸை எழுதி, மதியம் போனதும் மேஜைமேல் வைத்தான் நீராவி. முதலாளியம்மா படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

“பார்க்கலாம்பா” என்றார். எழுந்து படியிறங்கிக் கூடத்துக்குப் போய்விட்டார்.

அவனும் பின்னாலேயே இறங்கினான். மடிக்கிற மிஷின் மறுபடி நின்றிருந்தது. இஸ்திரியிலிருந்து வந்த விரிப்புகள் சூட்டோடு குவிந்துகிடந்தன. அவர் ஒன்றை உருவி இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டு, மற்ற இரண்டையும் அவன் பக்கம் நீட்டினார். அவ்வளவு பெரிய விரிப்பைத் தனி ஆளாக மடிக்க முடியாது. எதிரெதிரே நின்று இழுத்துப் பிடித்து, நீளவாக்கில் ஒருமுறை மடித்து, கிட்டே நடந்துவந்து முனைகளை எதிராளி கையில் சேர்க்க வேண்டும்.

இழுத்துப் பிடித்தார்கள்.

“அம்மா, நேத்து ஓட்டல்லேர்ந்து உங்களுக்கு வந்த போனை நான்தான் எடுத்தேன். நீங்க பேசற மாதிரி பேசிட்டேன். தப்புதான்.”

“என்ன சொன்னே?”

“ஆள் பரவாயில்லைன்னேன்.”

“ம்.”

“வாய் நீளம்னேன்.”

“அது சரி.”

கிட்டே நடந்துவந்தார்கள். அவர் கையை நீட்டினார். நீராவி முனைகளை விடவில்லை.

“குடுப்பா.”

“தர்றேன்மா. என்னை எந்தத் தேதியில விடுவீங்க?”

“பார்க்க…”

“எவ்வளவோ பார்த்தாச்சும்மா. இதை மட்டும் சொல்லிடுங்க. நோட்டீஸ் முழுக்க இருக்கச் சொன்னா இருக்கேன். ஆளைப் பழக்கித் தர்றேன். எந்த மிஷின் எப்படி முனகினா என்ன அர்த்தம்னு சொல்லிக் குடுத்துட்டுத்தான் போவேன். ஆனா எனக்கு ஒரு தேதி வேணும். வீட்ல சாயங்காலம்னு ஒண்ணு வருதாம். நான் இன்னும் அதைப் பார்த்ததில்லை.”

துணி உதறிக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டார்கள். உலர்த்தும் மிஷின் மட்டும் உருண்டுகொண்டிருந்தது. முதலாளியம்மா விரிப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“பதில் தெரியாமலா நான் பார்க்கலாம்னு சொல்றேன்? சொல்லிட்டா நடந்துடுமேன்னுதான்” என்றார்.

இந்தக் கூடத்தில் இத்தனை வருஷத்தில் அவர் சொன்ன மிக நீளமான பதில் அதுதான். வாய் நீளம் என்று பேர் வாங்கியவன், சொல்ல வந்ததில் பாதியை விழுங்கிவிட்டு மீதியை மட்டும் சொன்னான்.

“மறுபடி வேலைக்கு எடுப்பீங்களான்னு கேட்டாங்கம்மா.”

“நீ என்ன சொன்னே?”

“யோசிக்கணும்னேன்.”

“மடையா, இதுல யோசிக்க என்ன இருக்கு?” அவன் கையிலிருந்து முனைகளை வெடுக்கென்று பிடுங்கினார். “எடுப்பேன். அடுத்த மாசம் கடைசி நாளோட உன்னை விட்டுடறேன். அந்த ஓட்டலுக்குப் போனைப் போடு, நானே சொல்றேன்.”