நின்றுபோன சுக்கான்

வாலுக்குப் போகும் வயர்களை ஒவ்வொன்றாகச் செருகி, இணைப்பின் மேல் கிளிப்பைப் பூட்டி, இழுத்துப் பார்த்தேன். வேண்டுமென்றே கொஞ்சம் முரட்டுத்தனமாகவே இழுத்தேன். கழன்று வருவதென்றால் இப்போதே என் கையோடு வரட்டும், மேலே போன பிறகு வேண்டாம். மைதானத்தின் ஓரம் இரண்டு முக்காலிகளின் மேல் எங்கள் மாதிரி விமானம் சின்னவன் படுத்திருந்தான். பெயர்தான் சின்னவன். ஒரு இறக்கை நுனியிலிருந்து மறு நுனிவரை எங்கள் முன்னறையை விட நீளம். மரம் அறுக்கும் இயந்திரத்தில் இருப்பதை விடப் பெரிய பெட்ரோல் எஞ்சின். மூத்தவன் என்று ஒருவன் இருந்தான். போன வருஷம் தரையில் குத்திச் சாம்பலானான்.

"என்ன ஃபியூஸ், இந்தத் தடவையாவது எல்லாம் ஒட்டியிருக்கா?" என்று கேட்டுக்கொண்டே பல் டாக்டர் வந்தார். மாதிரி விமானம் பறக்கவிடும் எங்கள் சங்கத்தில் பாதுகாப்புப் பொறுப்பு அவருடையது.

"ஒட்டலைன்னா உங்ககிட்டதான் வரணும் டாக்டர், சிமென்ட் வச்சு அடைக்க."

சிரித்தார். நானும் சிரித்தேன். ஃபியூஸ் என்பது மூத்தவன் விழுந்த அன்று மாலை அவர் எனக்கு வைத்த பெயர். எங்கள் வீட்டில் மரவேலையும் பறக்கவிடுவதும் என் கணவர், வயர் வேலை முழுக்க நான். லிஃப்டுகளுக்குக் கண்ட்ரோல் பேனல் செய்யும் இடத்தில் எனக்கு வேலை. சால்டரிங் கம்பி பிடிப்பது எனக்குக் காய் நறுக்குவது மாதிரி. அவர் நகரப் பேருந்து ஓட்டுநர். இத்தனை வருஷத்தில் வண்டியில் ஒரு கீறல் கிடையாது. அதனால் மூத்தவன் ஒரு பக்கமாகத் திரும்பி, திரும்பிக்கொண்டே இறங்கி, எஞ்சின் அலற அலறக் குத்தியபோது யாரும் அவர் கையைப் பற்றி யோசிக்கவில்லை. "சிக்னல் போயிடுச்சு, என்ன பண்ணியும் கேக்கல" என்று அவர் சொன்னார். எல்லார் பார்வையும் என் பக்கம் வந்தது. எரிந்து போனதில் எதையும் பிரித்துப் பார்க்க முடியவில்லை. "விடு, வயர்னா எப்பவாவது விடத்தான் செய்யும்" என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஆறுதல் சொன்னார். திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். ஆறுதலுக்கு என்ன பதில் சொல்வது?

சின்னவனில் எல்லாவற்றையும் இரண்டாகப் போட்டேன். எங்கள் லிஃப்டைத் தூக்க ஒரு கயிறே போதும், ஆனாலும் ஒன்றோடு விடமாட்டோம். அதே கணக்குதான். சின்ன விமானத்துக்கு ஒரு குட்டி பேட்டரி தாங்கும். பெரியதில் இறக்கை மடிப்பும், வாலில் ரட்டர் என்கிற சுக்கானும் அலமாரிக் கதவு மாதிரி. எதிர்க்காற்றில் அவற்றைத் தள்ளும் மோட்டார்கள் ஒரே நேரத்தில் மின்சாரத்தை உறிஞ்சும்போது பேட்டரி ஒரு கணம் துவளும். துவண்டால், கீழிருந்து வரும் கட்டளையை வாங்கும் ரிசீவர் கண்ணை மூடிவிடும். ஆகவே இரண்டு பேட்டரி, ஒவ்வொன்றுக்கும் தனி சுவிட்சு. இரண்டையும் ஒரே சுவிட்சில் கோத்துவிட்டு, எனக்கு இரண்டு இருக்கிறது என்று மார் தட்டுபவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தச் சுவிட்சு போனால் இரண்டும் போச்சு. ரிசீவரும் இரண்டு, முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. ஒன்றின் ஆண்டெனா படுத்திருக்கும், மற்றதினுடையது நின்றிருக்கும். விமானம் எப்படிப் புரண்டாலும், எஞ்சினோ புகைக்குழாயோ குறுக்கே மறைத்தாலும், இரண்டில் ஒன்றுக்காவது கீழே இருப்பவரின் கட்டளை கேட்டுக்கொண்டிருக்கும். கேட்கிறதா என்று வெளியிலிருந்தே தெரிய, வயிற்றுப் பக்கம் துளை போட்டு இரண்டு சிறு விளக்குகள் வைத்தேன். கேட்கும் வரை பச்சை.

அப்படியும் கட்டளை அறுந்துபோனால்? அதற்கும் வழி உண்டு. அறுந்த நொடியில் என்ன செய்ய வேண்டும் என்று ரிசீவருக்கு முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். எஞ்சினை அடக்கு, சுக்கானை நடுவில் வை. விழுவதாக இருந்தால் மெதுவாக, பக்கத்திலேயே விழட்டும். அலறிக்கொண்டு போய் யார் தலையிலும் விழ வேண்டாம். மூத்தவனுக்கும் அதைச் சொல்லி வைத்திருந்ததாகத்தான் எனக்கு நினைவு. ஆனால் அவன் அலறிக்கொண்டுதானே விழுந்தான்? நான் மறந்திருப்பேன் என்று முடிவாயிற்று. கொஞ்ச நாளில் நானும் அப்படியே நம்பத் தொடங்கினேன். வேலையிடத்தில் ஒரு பேனலை முடித்துவிட்டுத் திரும்பப் பிரித்துப் பார்ப்பேன். மேஸ்திரி ஒரு நாள், "அம்மா, இது லிஃப்ட்தான், ராக்கெட் இல்ல" என்றார். இன்று சின்னவன் நல்லபடியாகப் போய் இறங்கினால் என் கை மேல் எனக்குப் பழைய நம்பிக்கை வரும். இறங்காவிட்டால் அந்தப் பேனல்களை இனி நான் தொடக்கூடாது என்று எனக்குள் முடிவு செய்திருந்தேன். என் கணவரிடம் கூடச் சொல்லவில்லை.

பறப்பதற்கு முன் தூரச் சோதனை. கட்டளை அனுப்ப அவர் கையில் வைத்திருக்கும் டிரான்ஸ்மிட்டரில் ஓர் ஏற்பாடு இருக்கிறது, அதைப் போட்டால் அதன் குரல் வெகுவாகக் குறைந்துவிடும். அந்த முணுமுணுப்பு மைதான வேலிவரை கேட்டால், முழுக் குரல் வானத்தில் எங்கேயும் கேட்கும். அவர் நடந்து போய்க்கொண்டே அதிலுள்ள குச்சிகளை விடாமல் ஆட்ட வேண்டும். நான் வாலருகே மண்டியிட்டு, சுக்கான் அதன்படி ஆடுகிறதா என்று பார்க்க வேண்டும். முதல் முறை எஞ்சின் இல்லாமல். சுத்தமாக இருந்தது. இரண்டாம் முறை எஞ்சினோடு, ஏனென்றால் பெட்ரோலைப் பற்றவைக்கும் தீப்பொறியே ரேடியோவுக்குப் பெரிய இரைச்சல்.

வாலைக் கயிற்றால் முளையில் கட்டினோம். பல் டாக்டர் இறக்கையை அழுத்திப் பிடித்துக்கொண்டார். எஞ்சின் பிடித்தது. என் கணவர் முதலில் டிரான்ஸ்மிட்டரை அணைத்துக் காட்டினார். உடனே எஞ்சின் அடங்கியது, சுக்கான் நடுவுக்கு வந்தது, விளக்குகள் சிவந்தன. மறுபடி போட்டார். பச்சை. டாக்டர் கட்டை விரலை உயர்த்தினார். என் கணவர் எஞ்சினைப் பாதி வேகத்தில் வைத்துவிட்டு, எங்களைப் பார்த்தபடியே பின்னால் நடக்கத் தொடங்கினார்.

சுக்கான் ஆடியது. இடம், வலம், இடம், வலம். வேலிக்குச் சற்று முன்பு, இடப்பக்கம் போனது அங்கேயே நின்றது.

போச்சு என்று நினைத்தேன். உடனே விளக்குகளைப் பார்த்தேன். இரண்டும் பச்சை. எஞ்சின் அடங்கவில்லை, அதே பாதி வேகம். கட்டளை அறுந்திருந்தால் சுக்கான் நடுவுக்கு வந்திருக்க வேண்டும். மோட்டார் சிக்கியிருந்தால் திணறி அதிரும். அதன் மேல் விரல் வைத்தேன், தனக்கிட்ட வேலையைச் செய்யும் சீரான அதிர்வு. அப்படியானால் இடப்பக்கம் திரும்பு என்று யாரோ இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். குச்சியின் அடியில் ஸ்பிரிங் உண்டு. விரலை எடுத்தால் நடுவுக்கு வந்துவிடும். விரல் எடுக்கப்படவில்லை.

அப்போதுதான் தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தேன். நின்றிருந்தார். முகம் எங்கள் பக்கம்தான், ஆனால் எங்களைப் பார்க்கவில்லை. தலை லேசாகச் சாய்ந்திருந்தது. உதடுகள் வாயில் எதையோ ருசி பார்ப்பவை போல அசைந்தன. கை தூக்கினேன். அசையவில்லை. பெயர் சொல்லியே கூப்பிட்டேன், அதுவரை கூப்பிட்டதில்லை. எஞ்சின் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. பிறகு, பாதியில் விட்ட வாக்கியத்தைத் தொடர்பவர் மாதிரி, அவர் மீண்டும் நடந்தார். சுக்கான் வலம் போனது, இடம் வந்தது.

எஞ்சினை நிறுத்தினேன். அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"எப்படி?"

"நடுவுல ஏன் நிறுத்தினீங்க?"

"எங்க நிறுத்தினேன்? நீ எஞ்சினை அமத்துற வரைக்கும் ஆட்டிக்கிட்டேதான் இருந்தேன்."

"இல்லங்க, ரட்டர் லெஃப்ட்ல போய் நின்னுடுச்சு," என்றார் பல் டாக்டர். குனிந்து இறக்கையைப் பிடித்திருந்ததால் அவர் பார்த்தது வாலை மட்டும்தான். "நானே பார்த்தேன். மோட்டார் சிக்கிச்சோ, வயர்தான் விட்டுச்சோ." பிறகு என்னைப் பார்த்தார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த நேரத்தில் எனக்குள் முதலில் எழுந்தது சந்தோஷம். என் வயர் இல்லை. அன்றைக்கும் என் வயர் இல்லை. ஒரு வருஷமாக நெஞ்சில் கிடந்த கல் புரண்டு விழுந்தது. அது என் கணவர் மேல் விழுந்திருப்பதைப் பிறகுதான் பார்த்தேன்.

"என் வேலைதான் டாக்டர்," என்றேன். "கனெக்டர் ஒண்ணு சரியில்ல. இன்னிக்கு வேணாம்."

"ஃபியூஸ், ஃபியூஸ்," என்று தலையை ஆட்டினார். குரலில் அன்புதான். "போகட்டும், கீழ இருக்கும்போதே தெரிஞ்சுதே. அடுத்த மாசம் பார்ப்போம். ஆனா அன்னிக்கும் இப்படின்னா, பெரிய விமானத்துக்கு நான் அனுமதி குடுக்க முடியாது. பாருங்க, அந்தப் பக்கம் வீடு வந்துடுச்சு."

என் கணவர் இறக்கைகளைக் கழற்றி வேனில் ஏற்றினார். பழக்கத்தில் ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். நான் அந்தப் பக்கக் கதவை மறித்துக்கொண்டு கீழேயே நின்றேன்.

"இத்தனை மாசம் இழுத்து இழுத்துப் பார்த்தியே," என்றார், முன்கண்ணாடியைப் பார்த்தபடி. "ஒரு கனெக்டரை ஒழுங்கா போட முடியலையா?"

"கனெக்டர் நல்லாத்தான் இருக்கு."

"பின்ன ஏன் அந்த மனுஷன்கிட்ட அப்படிச் சொன்ன?"

"அவர் முன்னாடி வேற என்ன சொல்லட்டும்?"

திரும்பிப் பார்த்தார். அவருக்குக் கோபம் வந்தால் காது சிவக்கும். சிவந்துதான் இருந்தது. ஆனால் அவரும் ஒன்று உடைந்தால் ஏன் உடைந்தது என்று தெரியாமல் சாப்பிட உட்காராத ஆள். கேள்வி கேட்க ஆரம்பித்தார்.

"லைட்டு?"

"ரெண்டும் பச்சை."

"எஞ்சின் அடங்கலையா?"

"இல்ல."

"மோட்டார் சூடா இருந்துச்சா?"

"தொட்டுப் பார்த்தேன். சில்லுனு இருக்கு."

அவருடைய வலது கட்டை விரல் ஸ்டியரிங்கின் மேல் இல்லாத ஒரு குச்சியை இடப்பக்கம் தள்ளிப் பார்த்தது. விட்டது. மறுபடி தள்ளியது. "விரலை எடுத்தா நடுவுக்கு வந்துடுமே," என்றார் தனக்குத்தானே.

"ஆமா."

"நான் நடந்துக்கிட்டுதானே இருந்தேன்."

"நின்னுட்டிருந்தீங்க. கை காட்டினேன். கூப்பிட்டேன்."

சொல்லிவிட்டு, அவர் எந்தக் கேள்விக்கு வரப்போகிறார் என்று தெரிந்து காத்திருந்தேன்.

"மூத்தவன்?"

"அவனும் கடைசி வரைக்கும் கத்திக்கிட்டேதானே விழுந்தான். சிக்னல் போயிருந்தா அடங்கியிருப்பானே."

டாக்டரின் கார் எங்களைத் தாண்டிப் போகும்போது ஹாரன் அடித்தது. என் கணவர் பழக்கத்தில் கையைத் தூக்கிக் காட்டினார். கார் வளைவில் மறையும்வரை அந்தக் கையைக் கீழே இறக்கவில்லை. நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது இருக்கிறாரா, இல்லையா? இனிமேல் இவர் கொஞ்சம் சும்மா இருந்தாலே எனக்கு இந்தக் கேள்விதான் என்று தோன்றியது.

"போன மாசம் ஒரு ஸ்டாப்பை விட்டுட்டேன்," என்றார். "ஆளுங்க நிக்கிறாங்க, நான் பாட்டுக்குப் போயிட்டேன். கண்டக்டர் விசில் அடிக்கலன்னு அவனைப் பிடிச்சுத் திட்டினேன்."

"அடிச்சானா?"

"அடிச்சேன்னுதான் சொன்னான். நான் நம்பல." ஈர உதட்டைத் துடைத்துக்கொண்டார். "நாளைக்குக் காலைல முதல் வண்டி எனக்கு. ஸ்கூல் பிள்ளைங்க ஏர்ற வண்டி."

"தெரியும்."

"தூக்கம் சரியில்லாததா இருக்கும். ஒரு வாரம் பார்க்கலாமே. ஆஸ்பத்திரிக்குப் போனா எழுதிடுவாங்க. எழுதிட்டா அப்புறம் சீட்ல உட்கார விடமாட்டாங்க. எனக்கு வேற என்ன தெரியும் சொல்லு."

"நாளைக்கு லீவு சொல்லுங்க."

"சொல்றேன். மறுநாள்?"

லிஃப்டுக்கு இரண்டாவது கயிறு போட்டுத் தர எனக்குத் தெரியும். இவருக்கு இரண்டாவதாக எதைப் போடுவது? "டிப்போல வயரிங் தப்புன்னு சொல்ல முடியாதுங்க," என்று மட்டும் சொன்னேன். அவர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

"நகருங்க. நான் ஓட்டறேன்."

"நீ வண்டி எடுத்து எவ்வளவு நாளாச்சு?"

"நகருங்க."

கீழே இறங்காமல், கியரைத் தாண்டி முழங்கால்களை மடக்கி, பக்கத்து இருக்கைக்கு நகர்ந்தார். கல்யாணமான நாளிலிருந்து அந்த இருக்கையில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பெல்ட் எந்தப் பக்கம் என்று தேடினார். நான் இருக்கையை முன்னால் இழுத்தேன், கண்ணாடியைத் திருப்பினேன். வண்டி இரண்டு தரம் குலுங்கிக் கிளம்பியது. பெரிய சாலைக்கு வந்ததும் முன்னால் போன லாரி வேகம் குறைத்தது. என் கால் பிரேக்குக்குப் போகும் முன்பே அவருடைய வலது கால், பிரேக் எதுவும் இல்லாத அந்த இடத்தில், கால்மிதியை அழுத்தியது. அடுத்த வேகத்தடையிலும் அழுத்தியது. அப்புறம் ஒரு சைக்கிள் குறுக்கே வந்தபோதும். இருக்கிறார் என்று ஒவ்வொரு தரமும் எனக்கு மூச்சு வந்தது.

தூரத்தில் நாற்சந்தியில் பச்சை போய் மஞ்சள் விழுந்தது. நான் பிரேக்கை மெல்ல அழுத்தத் தொடங்கினேன். சாலையைப் பார்க்க வேண்டிய கண்ணால், கால்மிதியின் மேல் இருந்த அவர் செருப்பைப் பார்த்தேன்.