சாயப்பட்டறைக் கை

உத்திரமேரூர் சாயப்பட்டறையில் கோவிந்தம்மாளைப் போல நூல் நனைக்க ஆள் கிடையாது. கொதிக்கிற தொட்டியில் அவள் முக்கியெடுத்த பட்டு நூலில் திட்டு என்று ஒன்றைக் காட்டுகிறவன் இன்னும் பிறக்கவில்லை. அந்தத் திறமைக்குக் கைதான் பலி. விரல் இடுக்கெல்லாம் வெடிப்பு, ஓயாத அரிப்பு; சோறு பிசைந்தால் ரசம் பட்டு எரியும்.

எமர்ஜென்சி முடிந்த வருஷம் மகள் கனகாவுக்கு நிச்சயம் வைத்தார்கள். முந்தின நாள் கோவிந்தம்மாள், சாயக்காரர்கள் எல்லோரும் செய்கிற மடத்தனத்தைச் செய்தாள். நல்லது கெட்டது என்றால் கையில் கறை தெரியக்கூடாதாம், பிளீச்சிங் பவுடரைப் போட்டுத் தேய்ப்பார்கள். பெண்ணைப் பெற்றவள் அல்லவா, ஒரு பிடி கூடவே போட்டுத் தேய்த்தாள். கறை போயிற்று, கூடவே தோலும் போயிற்று. விடிந்தபோது இரண்டு கையும் சிவந்து வீங்கி, நீர் கசிந்தது.

பெருநகரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். தட்டு மாற்றும் நேரம். புருஷன் வேதகிரியோடு சேர்ந்து தட்டைப் பிடித்திருந்த அவள் கையை மாப்பிள்ளையின் அத்தை பார்த்துவிட்டாள்.

"இன்னாம்மா கையி இப்பிடி கீது? ஒட்டுவாரொட்டியா?"

மாப்பிள்ளையின் அம்மா ஆண்டாளம்மாள் தட்டை வாங்க நீட்டிய கை பாதியில் நின்றது. கனகா தலையைக் குனிந்துகொண்டாள்.

"வெந்நி கொட்டிக்கினா..." என்று வேதகிரி ஆரம்பித்தான். நல்ல பொய்தான். அதைப் பிடித்துக்கொண்டிருந்தால் காரியம் முடிந்திருக்கும்.

கோவிந்தம்மாளுக்குப் பொய்யைச் சீராகக் கொடுத்துப் பெண்ணை அனுப்ப மனசு வரவில்லை. தட்டைக் கீழே வைத்தாள்.

"வெந்நியும் இல்ல, ஒண்ணும் இல்ல. சாயப்புண்ணு. பட்டறையில எல்லாருக்கும் கீது. ஒட்டுறதா இருந்தா, தெனம் என் கையால துண்றவரு இவரு, இவருக்கு வந்திருக்காதா? கறைய மறைக்க பிளீச்சிங் போட்டேன், வெந்துபூட்ச்சு. நாளைக்கும் பட்டறைக்குத்தான் போவேன். இந்தக் கையோட சம்பந்தி வோணும்னா தட்ட வாங்குங்க."

அம்மாடி, என்ன நெஞ்சழுத்தம்! பெண் வீட்டுக்காரி பேசுகிற பேச்சா அது!

ஆண்டாளம்மாள் புதுப்புடவையைக் கணுக்கால் தெரியத் தூக்கினாள். கால்விரல் இடுக்கெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பிளந்த சேற்றுப்புண்.

"நாத்து நட்ட காலு. இத்த மூடத்தான் பொடவைய தரையில இழுய இழுய கட்டிக்கினு வந்தேன்" என்றாள். "தட்ட எடு சம்பந்தி, நேரம் போவுது."