பன்னிரண்டாம் வீட்டு ஜெபம்

கதை எழுதிப் பழக்கமில்லாதவள் நான். பள்ளி அலுவலகத்தில் பிறர் சொல்லச் சொல்லக் கடிதங்களைத் தட்டச்சு செய்வதே என் வேலை. தங்கள் முன் இதனை வைக்கத் துணிந்தமையைப் பொறுத்தருள வேண்டுகிறேன்.

என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். இதயத்தில் வால்வு மாற்றுவதற்காக மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். எங்கள் வீட்டில் வாய்விட்டு ஜெபிப்பவர் அவர். ஆமென் சொல்பவள் நான். காலை எட்டு மணிக்கு, ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே என் கையைத் தட்டினார்.

"இன்னிக்கு நீதான் ஜெபம் பண்ணணும். நான் மயக்கத்துல இருப்பேன்."

"எனக்கு வராதுங்க."

"வந்த வரைக்கும் போதும். போதகர் மாதிரி இழுத்துடாத, அதுக்குள்ள நான் எழுந்து வந்துடுவேன்."

அவருடைய தங்கை சிரித்துவிட்டாள். "அண்ணே, அண்ணி மனு போட்டா கடவுளே சீல் குத்தித்தான் அனுப்பணும்!"

அறுவை அறைக் கதவு மூடியது. கண்களை மூடினேன். வந்ததெல்லாம் விடுப்பு விண்ணப்பம்: 'என் கணவருக்கு உடல்நலம் சரியில்லாத காரணத்தால், தாங்கள் அருள்கூர்ந்து...' அதற்குமேல் ஓடவில்லை.

"சங்கிலியில சொல்லிடலாம் அண்ணி" என்றாள் நாத்தனார்.

எங்கள் சபையில் அவசரத்துக்கு ஜெபச் சங்கிலி உண்டு. பன்னிரண்டு வீடுகள். ஒரு வீட்டார் அடுத்த வீட்டாரைத் தொலைபேசியில் அழைத்து, சேர்ந்து ஜெபித்துவிட்டுத்தான் வைப்பார்கள். கடைசி வீட்டார், ஜெபம் கேட்டவரையே அழைத்து முடித்துவைக்க வேண்டும். ஒன்பது மணிக்கு முதல் வீட்டை அழைத்தேன். என் வாய்க்கு வராததைப் பன்னிரண்டு வாய்கள் சொல்லும் என்று நெஞ்சு சற்றே ஆறியது.

பதினொன்று பத்துக்கு மருத்துவர் வெளியே வந்தார்.

"வால்வு மாத்திட்டோம். ரத்தம் ஓட்டுற மிஷினை நிறுத்தினதுக்கப்புறம் இதயம் தானா துடிக்கலம்மா. ரொம்ப நேரம் பார்த்தோம்."

நாத்தனார் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் மருத்துவரிடம், "மிக்க நன்றி ஐயா" என்றேன். அப்படித்தான் சொன்னேன்.

பதினொன்றரைக்குத் தொலைபேசி அடித்தது. பன்னிரண்டாம் வீட்டுத் தையல்கார அக்கா.

"கோவிச்சுக்காதம்மா, நான் மிஷின்ல உக்காந்துட்டேன், போன் உள்ள கிடந்துச்சு. ஒரு மணி நேரமா கூப்பிட்டிருக்காங்க. தம்பி இன்னும் உள்ளதானே?"

"உள்ளதான் இருக்காருக்கா."

"அப்ப நேரம் தப்பல. கண்ண மூடு."

சொல்லிவிடுங்கள் என்று நாத்தனார் கையால் காட்டினாள். அக்கா அதற்குள் தொடங்கிவிட்டார்.

"அப்பா, டாக்டருங்க கையைப் பிடிச்சுக்கோங்கப்பா. இந்தப் பிள்ளைய எழுப்பி வீட்டுக்கு அனுப்புங்கப்பா. நான் லேட் பண்ணதுக்கு இவங்களத் தண்டிச்சுடாதீங்கப்பா..."

அங்கேதான் எனக்கு ஜெபம் வந்தது. தொலைபேசியை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, "ஆண்டவரே, இந்த அக்கா தன்னையே நொந்துக்கக் கூடாது. அத மட்டும் பார்த்துக்கோ" என்றேன். தாங்கள் என்றோ, அருள்கூர்ந்து என்றோ சொல்லவில்லை. பிறகு கையை எடுத்துவிட்டு ஆமென் சொன்னேன்.

"நீ இவ்வளவு கெட்டியா ஆமென் சொல்லிக் கேட்டதேயில்ல! பாரு, எழுந்து வந்துடுவாரு" என்றார் அக்கா.

மாலையில் போதகரிடம், பன்னிரண்டு மணிக்குப் பிறகே இறந்ததாக அக்காவிடம் சொல்லும்படி கெஞ்சினேன். "பொய் மட்டும் என் வாயில வராதும்மா. மன்னிச்சுடு" என்றார். இறந்த நேரம் தெரிந்ததும், மறுவாரமே அக்கா சங்கிலியிலிருந்து விலகிக்கொண்டார். தெருவில் கண்டால் எதிர்ப்பக்கம் போகிறார்.

இழந்தவை: கணவர், வயது நாற்பத்தாறு. பத்தொன்பது ஆண்டு இல்லறம். வீட்டில் வாய்விட்டு ஜெபித்த குரல் ஒன்று. சங்கிலியில் ஒரு வீடு.