வராத புருசனுக்கு ஒரு கார்டு

1

இந்தக் கதைக்குக் கிடைத்த முதல் வாக்கியம் திருட்டுச் சொத்து. பட்டர்வொர்த்திலிருந்து பினாங்குத் தீவுக்கு வரும் ஃபெர்ரியில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண் ஃபோனில் யாரிடமோ சொன்னாள்: "எனக்கு இன்னும் வராத புருசனுக்குக் கார்டு இருக்காம். வீட்ல இருக்கிற அம்மாவுக்கு இல்லையாம்லா." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. எழுதுகிறவன் அல்லவா, சத்தமில்லாமல் மடியில் கட்டிக்கொண்டேன். ஃபெர்ரி கரை சேர்ந்ததும் அவள் கூட்டத்தில் போய்விட்டாள். மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

2

'காலைச் சூரியன் பினாங்குப் பாலத்தின் மேல் பொன்னை அள்ளி—'

(வேண்டாம். காலையில் அந்தப் பாலத்தில் தெரிவது முன்னால் போகும் லாரியின் பின்பக்கம்தான்.)

'காமினிக்கு வேலை கிடைத்தது.'

இது போதும். காமினிக்கு இருபத்து நான்கு வயது. டிப்ளோமா முடித்ததிலிருந்து லிட்டில் இந்தியாவில் ஒரு துணிக்கடையில் பார்ட் டைம். எவளாவது லீவு போட்டால் அவள் இடத்தில் காமினிதான் 'கவர்' பண்ண வேண்டும். ஊரில் ஒருத்திக்குக் காய்ச்சல் வந்தால்தான் இவளுக்குச் சோறு என்று அம்மா கிண்டல் செய்வாள். இப்போது பாயான் லெப்பாஸில் கம்ப்யூட்டர் சிப் செய்யும் கம்பெனி ஒன்று நிரந்தர வேலை தருகிறேன் என்கிறது. ஏழுக்கு ஏழு ஷிஃப்ட், ஃபேக்டரி பஸ், கூடவே ஆஸ்பத்திரிச் செலவைக் 'கவர்' பண்ணும் மெடிக்கல் கார்டு.

துள்ளிக் குதித்திருக்க வேண்டியவள்தான். ஆனால் அம்மா மீனாட்சிக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன. வாரத்தில் மூன்று நாள் ரத்தம் கழுவ வேண்டும்.* கூட்டிப் போவதும், முடிந்ததும் தலை சுற்ற எழுந்து வருகிறவளைக் கைத்தாங்கலாக ஜெலுத்தோங் பிளாட்டுக்குக் கொண்டுவந்து சேர்ப்பதும் காமினி. துணிக்கடை முதலாளி போய் வா என்று விடுவார். ஏழுக்கு ஏழு விடாது. வேலையை எடுத்தால் அம்மாவோடு போக ஆளில்லை. எடுக்காவிட்டால், காமினி காலமெல்லாம் அடுத்தவள் காய்ச்சலை நம்பிப் பிழைக்க வேண்டும்.

(* டயாலிசிஸை இங்கே இப்படித்தான் சொல்வோம். மலாய்க்காரர்கள் சொல்வதை அப்படியே தமிழாக்கிக்கொண்டோம். ஏதோ துணி துவைக்கிற காரியம்போலக் கேட்கும். பயம் கொஞ்சம் குறையும்.)

3

கம்பெனியின் எச்.ஆர். இஸ்ஸதி நல்ல பெண். நம்ம தமிழ் முஸ்லிம் பிள்ளை, தமிழிலேயே பேசினாள். காமினி ஃபோனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள்.

"ஒன்னும் யோசிக்காதீங்க காமினி. உங்களுக்குக் கவர் இருக்கு. கல்யாணம் ஆனா ஹஸ்பண்டுக்குக் கவர். பிள்ள பொறந்தா அதுக்கும் கவர்."

"அம்மாவுக்கு?"

"அம்மா அப்பாவுக்குக் கவர் இல்லலா. சோரி."

அடுப்படியிலிருந்து மீனாட்சியின் குரல் வந்தது. "எனக்கு எதுக்குடி கவரு? தீபாவளிக்குச் சின்னப் பிள்ளைங்க வந்தா குடுக்கச் சொல்லு! நீ சைன் பண்ணு!"

பண்டிகைக்குப் பணம் வைத்துக் கொடுக்கும் உறை என்று நினைத்துவிட்டாள், பாவம். இஸ்ஸதி சிரித்துவிட்டாள். காமினியும் சிரித்தாள். அம்மாவைத் திருத்த மனம் வரவில்லை.

4

இந்த இடத்தில் காமினிக்கு ஓர் அண்ணனைக் கொடுத்துப் பார்த்தேன். பெயர் ஷர்வின். கார் வைத்திருந்தான். அம்மாவை அவன் ஏற்றிக்கொண்டு போனதும் கதை அங்கேயே முடிந்துபோனது. போதாததற்கு 'பிள்ளைன்னா இவன்லா பிள்ளை' என்று பிளாட்டே அவனை மெச்ச ஆரம்பித்தது. அத்தனை நாள் கூட்டிப்போனவளை ஒருவரும் மெச்சியதில்லை. எனக்கு ஆத்திரம் வந்தது. அடித்துவிட்டேன்.

கார்டு வீணாகக்கூடாதே என்று யுகேந்திரன் என்றொரு மாப்பிள்ளையையும் எழுதினேன். தாலி கட்டிய வாரமே கம்பெனி கிளினிக்கில் போய்ப் பல்லைச் சுத்தம் செய்துகொண்டான். மாமியாரை வெளியே நாற்காலியில் உட்கார வைத்திருந்தான். அவனையும்—

5

அடுத்த முறை அம்மாவைக் கூட்டிப்போகக் கடையிலிருந்து வந்த காமினி, வீடு பூட்டியிருப்பதைப் பார்த்தாள். அம்மாவுக்கு ஃபோன் அடித்தாள், எடுக்கவில்லை. டயாலிசிஸ் சென்டருக்கு ஓடினாள். "காலையிலேயே வந்துட்டாங்க. முடிஞ்சு போய் அரை மணி நேரமாச்சு" என்றாள் நர்ஸ்.

எதிர்ப்பக்க பஸ் ஸ்டாப்பில் மீனாட்சி ஒரு கையால் மறுகையை அழுத்திப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். ஊசி குத்திய இடத்திலிருந்து ரத்தம் கசிந்து சட்டைக் கை நனைந்திருந்தது.

"என்னம்மா இது! உனக்குப் பைத்தியமா?"

"ஒத்திகை பாத்தேன்டி. நீ வேலைக்குப் போனா நான் தனியாத்தானே வரணும்."

"பஸ்?"

"வந்துச்சு. ஏற முடியல. சரி, அடுத்ததுல ஏறலாம்னு... அதுலயும் முடியல."

காமினி அந்தக் கையை வாங்கித் தன் கையால் அழுத்தினாள். அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. "உனக்கு ஒன்னும் புரியாதும்மா. கவர்னா அந்தக் கவர் இல்ல..."

"தெரியும்டி. இத்தன வருசமா எவ எவளுக்கோ நீ கவர் பண்றத பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன். தெரியாத மாதிரி இருந்தாத்தான் நீ சைன் பண்ணுவேன்னு பாத்தேன்."

(இது என் திட்டத்தில் இல்லை. மூன்றாம் பகுதியில் அவளைப் 'பாவம்' என்று எழுதியவன் நான்தான். என்னையும் சேர்த்தே ஏமாற்றியிருக்கிறாள். அந்தச் சொல்லை அடிக்கப்போவதில்லை, கிடக்கட்டும்.)

6

இரண்டு முடிவு எழுதினேன். ஒன்றில் காமினி கையெழுத்துப் போடுகிறாள். ஃபேக்டரி பஸ் ஜன்னல் வழியே அதே பஸ் ஸ்டாப் தெரிகிறது. இன்னொன்றில் மாட்டேன் என்கிறாள். அன்றிரவு மீனாட்சி சாப்பிடவில்லை. எதை வைத்தாலும் மற்றது என்னைத் திட்டுகிறது.

அதற்குள் பஸ் ஸ்டாப்பில் காமினியின் ஃபோன் அடிக்கிறது. இஸ்ஸதி. இன்றைக்குள் பதில் வேண்டும்.

காமினியின் ஒரு கை அம்மாவின் கையை அழுத்தியிருக்கிறது. எடுத்தால் ரத்தம் வரும். மறுகையால் ஃபோனைக் காதில் வைக்கிறாள்.

"ஹலோ இஸ்ஸதி. நான்—"

இதற்கு மேல் எனக்கு ஓடவில்லை. எழுதுகிறவனுக்கு நிரந்தர வேலையும் கிடையாது, கார்டும் கிடையாது. லீவு மட்டும் உண்டு. போட்டுவிட்டேன். அந்தப் பிள்ளை எவ்வளவு நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருப்பாள்? கொஞ்சம் வந்து கவர் பண்ணுங்கள்.