பன்னிரண்டாவது மெயில்

அக்காவுக்கு ஒன்பது நாளாக அதே பதினோரு மெயில்கள்தான் வந்துகொண்டிருந்தன. மணிக்கொரு தடவை, புத்தம் புதிதாக. மூக்குக்கண்ணாடிக் கடை ஒரே தள்ளுபடியை அவளுக்கு இருநூறு முறை அறிவித்துவிட்டது. தம்பியைக் கேட்டால், "அதெல்லாம் பாதுகாப்பு, அக்கா. ஒண்ணு அழிஞ்சாலும் இன்னொண்ணு கையில இருக்கும்ல" என்றான். வீட்டில் அவனுக்கு மேதை என்று பெயர். வைத்தவள் அம்மா. பாராட்டி வைத்ததல்ல.

மூன்று வாரத்துக்கு முன்புதான் மேதை அவளுடைய மெயிலுக்குச் சுதந்திரம் வாங்கிக் கொடுத்திருந்தான். பெரிய கம்பெனிகள் நம் கடிதங்களை எட்டிப் பார்க்கின்றன என்று பிரசங்கம் பண்ணி, அவள் முகவரியைத் தன் நண்பர்களின் சின்ன சர்வருக்கு மாற்றினான். ப்ரௌசரில் திறந்து படிக்கிற வசதியை, அது சோம்பேறிகளின் வாசல் என்று சொல்லி மூடினான். இனி ஒரு இலவச நிரல் சர்வரிலிருந்து மெயில்களை வரிசையாக இழுத்து வந்து அவள் கம்ப்யூட்டரில் போடும். யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்த்துத் திருத்தலாம் என்று ஊருக்கே திறந்து வைத்த நிரல். அதன் புதுப் பதிப்பைச் சோதித்துச் சொல்லும் தன்னார்வலர்களில் மேதையும் ஒருவன். சம்பளம் கிடையாது, கர்வம் உண்டு.

அக்கா ஓர் ஆஸ்பத்திரியில் பதினோரு வருடமாக ரத்தப் பரிசோதனை டெக்னீஷியன். அன்று அவளுக்கு விடுமுறை. இரண்டே முக்கால் மணிக்கு, அவளோடு வேலை செய்கிறவள் போனில் வந்தாள்.

"என்னடி, இன்னும் பதில் போடலையாமே? புது ஆஸ்பத்திரி லேப் இன்சார்ஜ் லிஸ்ட் வந்தாச்சு. நீ முதல், நான் ரெண்டாவது. மெயில்ல உனக்குன்னு ஒரு நம்பர் வந்திருக்கும். அதைப் போட்டு நாலு மணிக்குள்ள சம்மதம்னு அனுப்பணும். இல்லன்னா எனக்கு வந்துடும். எனக்கு வேண்டாம்னு சொல்லல. இருந்தாலும் உன்கிட்ட சொல்லணும்ல?"

அக்கா அந்தப் புது ஆஸ்பத்திரியின் ஆபீசுக்குப் போன் போட்டாள். நம்பரைப் போனில் சொல்ல மாட்டார்களாம், வேறு முகவரிக்கு அனுப்ப விதி இல்லையாம். பெரிய மனது பண்ணி அதே முகவரிக்கு மறுபடி அனுப்பினார்கள். அடுத்த நிமிடம் மூக்குக்கண்ணாடிக் கடையின் தள்ளுபடி வந்தது.

மேதையின் அறைக் கதவை அவள் தட்டவில்லை, தள்ளினாள்.

"என் மெயில் எங்கடா?"

"அதைத்தான் பார்த்துட்டிருக்கேன். எல்லாம் இந்த நிரலை எழுதினவன் பண்ணின கூத்து. மூணு தடவை அழிச்சு மறுபடி போட்டுட்டேன். காலையிலேயே பொதுவுல கிழிச்சுத் தொங்கவிட்டேன், பாரு."

அவள் பார்த்தாள். உலகமே படிக்கிற புகார்ப் பக்கத்தில் மேதை பெரிய கட்டுரை எழுதியிருந்தான். 'குப்பை' என்ற சொல் நான்கு இடத்தில் வந்தது. கீழே, எங்கோ ஒரு தேசத்தில் சம்பளமில்லாமல் அந்த நிரலைக் கட்டிக் காக்கும் மனிதர் ஒரே வரியில் பதில் போட்டிருந்தார்: தயவுசெய்து லாக் அனுப்பவும்.

"லாக்னா?"

"நிரல் என்னென்ன பண்ணுச்சுன்னு வரிவரியா எழுதி வைக்கும். அதை நான் அனுப்பணுமாம். எழுதினவனுக்குத் தெரியாதா? டாக்டருன்னா பார்த்தவுடனே சொல்ல வேணாமா?"

"எந்த டாக்டர்டா ரத்தம் எடுக்காம சொல்றான்? எழுந்திரு."

மணி மூன்று இருபது. அக்கா நாற்காலியைப் பிடுங்கிக்கொண்டு லாகை மேலிருந்து படித்தாள். ஒன்றாவது மெயில், எடுத்தாச்சு. இரண்டாவது, எடுத்தாச்சு. பதினொன்று வரை அப்படியே. பன்னிரண்டாவதை எடுக்கத் தொடங்கியதும் நிரல் செத்து விழுந்திருந்தது. எடுத்த மெயில்களை சர்வரிலிருந்து நீக்கும் வேலை கடைசியில்தான். அதற்கு முன்பே விழுந்துவிட்டதால் அடுத்த மணியில் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்திருந்தது. மறுபடி பன்னிரண்டில் சாவு. ஒன்பது நாள்.

"பன்னிரண்டுக்குப் பின்னாடி எத்தனை நிக்குது?"

"நாற்பத்தாறு" என்றான், குரல் இறங்கி.

"லேப்ல மெஷின் நின்னா, அதைச் செஞ்ச கம்பெனியை நாங்க திட்டிட்டு உட்கார்ந்திருக்க மாட்டோம். மாட்டிக்கிட்ட டியூபை வெளியில எடுத்து மேல ஒட்டியிருக்கிற பேரைப் படிப்போம். படி."

மேதை சர்வருக்குள் நேராக நுழைந்து, கையாலேயே கட்டளை அடித்து, பன்னிரண்டாவது மெயிலின் தலைப்பகுதியைக் கேட்டான். வந்தது. படிக்கவில்லை.

"வாய்விட்டுப் படிடா."

"தேதி... பிப்ரவரி முப்பத்தொண்ணு."

"அனுப்பினது?"

மேதை மின்விசிறியைப் பார்த்தான். அவளே குனிந்து படித்தாள். அனுப்பியவன் மேதை. தலைப்பு: 'சோதனை ஏழு, இது உடைஞ்சே தீரணும்'.

"தப்பான தேதி வந்தா நிரல் தாங்குதான்னு பார்க்கிறதுக்கு... அனுப்பிட்டு மறந்துட்டேன்."

"தாங்குச்சா?"

"இல்ல."

"உன் பெட்டிக்கு அனுப்ப வேண்டியதுதானே?"

"என் பெட்டியில முக்கியமான மெயில் எல்லாம் இருக்கே, அக்கா."

அக்கா மேசையிலிருந்த அவனுடைய தண்ணீர் பாட்டிலை எடுத்தாள், எடையைப் பார்த்தாள், கீழே வைத்தாள். "அழி" என்றாள். அந்த ஒரு சொல்லுக்குள் அவள் அடக்கிவைத்ததை எழுதினால் இந்தக் கதையை யாரும் அச்சில் போடமாட்டார்கள்.

மூன்று ஐம்பத்தொன்றுக்கு நாற்பத்தாறு மெயில்களும் மடமடவென்று இறங்கின. மூன்று ஐம்பத்தாறுக்கு அக்காவின் சம்மதம் போனது. மூன்று ஐம்பத்தெட்டுக்கு 'பெற்றுக்கொண்டோம், பதவி உங்களுக்கு உறுதி செய்யப்படுகிறது' என்று வந்தது. அவள் மூன்று முறை படித்தாள். கோபம் ஒரு இம்மிகூடக் குறையவில்லை.

"அந்த மனுஷனுக்கு எழுது, அதே பக்கத்துல."

மேதை தட்டினான்: 'எங்கள் தரப்பில் ஏற்பட்ட ஒரு சிறு...'

"எந்தத் தரப்பு? இந்த ரூம்ல எத்தனை பேர் அனுப்பினீங்க? 'நான்'னு போடு. சிறுவை எடு. குப்பை நாலுக்கும் தனித்தனியா மன்னிப்புக் கேளு."

கேட்டான். லாகையும் தான் அனுப்பிய மெயிலின் நகலையும் கூடவே இணைத்தான். அரை மணியில் பதில் வந்தது. மனிதர் கோபப்படவே இல்லை. தேதி தப்பென்றாலும் நிரல் விழுந்திருக்கக் கூடாது, அது என் தவறும்தான், அப்படிப்பட்ட மெயிலை ஒதுக்கிவைத்துவிட்டு மேலே போகும்படி திருத்திவிட்டேன், அந்த மெயிலை நிரந்தரச் சோதனைத் தொகுப்பில் சேர்த்துக்கொள்கிறேன், நன்றி என்று எழுதியிருந்தார்.

மேதையின் முகம் பல்பு போட்ட மாதிரி ஆனது. "அக்கா! இனிமே வர்ற ஒவ்வொரு பதிப்பையும் என் மெயிலை வச்சுத்தான் சோதிப்பாங்க!"

"யார் பெட்டியில?" என்றாள் அக்கா.

ப்ரௌசரில் சோம்பேறிகளின் வாசல் அன்று மாலை ஐந்து மணிக்கே திறக்கப்பட்டது.