விசையின் எடை

பூமா என்கிற மலைச்சிங்கம் மூன்றாவது ஆட்டைத் தூக்கிக்கொண்டு போன காலை, துப்பாக்கி வாங்கப் போகிறேன் என்று என் கணவர் ஹார்லனிடம் சொன்னேன். அவர் காப்பிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே வேலியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று வருஷமாக எங்கள் வீட்டில் துப்பாக்கி இல்லை. மொன்டானா மாநிலத்தில் இப்படி ஓர் ஆட்டுப்பண்ணை இருக்கிறது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "வண்டி ஓட்டறேன். கடைக்குள்ள வரமாட்டேன்" என்றார்.

சரி என்றேன். அதற்கு மேல் கேட்டால் அவர் பேசமாட்டார். பேசாமல் இருக்க எங்கள் இருவருக்கும் நன்றாகவே தெரியும்.

அவருக்கு இடது பாதம் பாதிதான் இருக்கிறது. பூட்ஸின் முனையில் கம்பளி அடைத்துப் போட்டுக்கொள்கிறார். மூன்று வருஷத்துக்கு முன் எல்க் என்ற பெரிய மான் வேட்டைக்குப் போனபோது அவருடைய சொந்தத் துப்பாக்கி பழுதுக்குப் போயிருந்தது. தம்பி டுவேன் தன்னுடையதைக் கொடுத்தான். வாதுமை மரப் பிடிக்கட்டை போட்ட அழகான துப்பாக்கி. நவம்பரில் வரும் நன்றி நவிலல் பண்டிகைக்கு முன் கிளப்பில் நடக்கும் குறிபார்க்கும் போட்டியில் வருஷா வருஷம் அவனுக்கு வான்கோழி ஜெயித்துக் கொடுத்த துப்பாக்கி. வேட்டை முடிந்து வண்டிக்குப் பக்கத்தில் நின்று ஹார்லன் தோட்டாக்களை எடுக்கப் போனார். அந்தப் பழைய மாடலில் சேஃப்டி என்ற பாதுகாப்புப் பூட்டை விடுவித்தால்தான், தோட்டா அறையை மூடியிருக்கும் போல்ட்டைத் திறக்க முடியும். விடுவித்தார். வெடித்தது.

"கையுறை போட்ட விரல் டிரிகர்ல இருந்துச்சு. நான் என் கண்ணால பாத்தேன்" என்று டுவேன், விசாரிக்க வந்த போலீஸ் டெபுடியிடம் சொன்னான். டெபுடி அதையே எழுதிக்கொண்டு போனார்.

ஹார்லன் ஒவ்வொரு வசந்தத்திலும் பள்ளிக்கூட ஜிம்மில் பிள்ளைகளுக்குத் துப்பாக்கிப் பாதுகாப்பு வகுப்பு எடுத்தவர். ஊரில் வேட்டைக்குப் போகும் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள்தான். அதன்பிறகு அவரை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிடாததுகூடப் பரவாயில்லை. தீவனக் கடையில் அவர் நுழைந்தால் ஒருவன் தன் காலைத் தூக்கி நாற்காலிக்கு அடியில் ஒளித்துக்கொள்வான். எல்லோரும் சிரிப்பார்கள். இவரும் சிரிப்பார். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அந்தத் துப்பாக்கியை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று டுவேனிடம் அப்போதே கேட்டேன். அவன் கண் கலங்கினான். "அதைப் பாக்கவே முடியலை அண்ணி. ஏரியில போட்டுட்டேன்." நான் அவனைக் கட்டிப்பிடித்து நன்றி சொன்னேன். அதை இப்போது நினைத்தாலும் என் கைகள் எரிகின்றன.

ஆர்விலின் துப்பாக்கிக் கடையில் காப்பி இலவசம். அதனால் வாங்குகிறவர்களைவிட உட்கார்ந்திருக்கிறவர்கள் அதிகம். அன்று உட்கார்ந்திருந்தவன் டுவேன் மட்டும்தான்.

"வாம்மா மேவிஸ். பூமாவாமே?" என்றார் ஆர்வில்.

"என்ன அண்ணி, துப்பாக்கி வாங்கவா? அண்ணன் ஒத்துக்கிட்டாரா? பாத்து, அவருக்கு மிச்சம் ஒரு கால்தான் இருக்கு" என்றான் டுவேன்.

ஆர்வில் தாடிக்குள் சிரித்தார். நான் டுவேன் பக்கம் திரும்பவில்லை.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு போதும் ஆர்வில். ஆட்டுக்கு வர்றதை அடிக்கணும். குளிர்காலத்துக்கு ஒரு மான், முடிஞ்சா ஒரு எல்க். எவனாவது கேட்டைத் தாண்டி வந்தா கையில இருக்கணும், ஷெரீஃப் ஆபீஸ்ல இருந்து ஆள் வர ஒரு மணி நேரம் ஆகுது. ஞாயித்துக்கிழமை டப்பா வெச்சுச் சுடறதுக்கும் அதேதான்."

"ஒரே செருப்பைப் போட்டுக்கிட்டுக் கல்யாணத்துக்கும் போகணும், சாணியும் அள்ளணும்ங்கற."

"அப்படித்தானே வாழறோம்."

அவர் சின்னதாக ஒன்றை எடுத்து நீட்டினார். கட்டையில் ஊதாப்பூ வரைந்திருந்தது. "லேசா இருக்கும். பொம்பளைங்க எல்லாரும் இதைத்தான் எடுக்கறாங்க."

"நான் ஆட்டை முதுகுல தூக்கிட்டு வேலி தாண்டறவ. பூப்போட்டதை உங்க பேத்திக்குக் குடுங்க."

டுவேன் பெரிதாகச் சிரித்தான்.

பழைய துப்பாக்கிகள் அடுக்கியிருந்த பக்கம் ஓர் இளம்பெண் நின்றிருந்தாள். டெஸ்ஸா. ஓடைக்கு மேலே இருக்கும் பழைய மரவீட்டுக்குக் கோடையில் குடிவந்தவள், பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். முதுகில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அவளும் என்னைப்போலத்தான் கேட்டிருக்க வேண்டும்: ஒன்றே ஒன்று, எல்லாவற்றுக்கும். கையில் ஒன்றை எடுத்து அழகு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது அருமையான சாமான். டிரிகர் வெண்ணெய் மாதிரி இருக்கும்" என்று ஆர்வில் இங்கிருந்தே சொன்னார்.

நான் திரும்பிப் பார்த்தேன். வாதுமைக் கட்டை. தோள்வார் மாட்டுகிற இடத்தில் ஒரு செப்பு ஆணி, சற்றே கோணலாக அடித்தது. அந்த வேட்டைக்கு முந்தின நாள் தோள்வார் கழன்று வந்துவிட்டது. குதிரைச் சேணத்துக்கு வைத்திருந்த ஆணியை எடுத்து, சமையல் மேசையில் வைத்து நான்தான் அடித்தேன். அடி பிசகிக் கோணலாகிவிட்டது. சுத்தியல் என் விரலில் பட்டதற்கு ஹார்லன் ஊதிவிட்டார்.

டுவேனைப் பார்த்தேன். அவனும் அந்தத் துப்பாக்கியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். எழுந்து சொல்வான் என்று காத்திருந்தேன். முதுகில் குழந்தையைக் கட்டிக்கொண்டு ஒருத்தி நிற்கிறாள், சொல்லாமலா இருப்பான்? சுவர்க் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அவன் காப்பியை ஊதி ஊதிக் குடித்தான்.

டெஸ்ஸாவே அவனிடம் கேட்டாள். "நீங்க இந்த ஊர்க்காரர்தானே? இது எப்படிச் சுடும்?"

"நல்லா நேரா போகும்" என்றான்.

அவ்வளவுதான். எனக்குள் மூன்று வருஷமாகச் சும்மா கிடந்தது எழுந்து நின்றது.

"ஏரியில இருந்து அதுவா நீந்தி வந்துச்சா, டுவேன்?"

ஆர்வில் விழித்தார். "எந்த ஏரி? டுவேன்தானே இந்த வசந்தத்துல கொண்டுவந்து போட்டுட்டு பனியில ஓட்டற ஸ்னோமொபைல் வண்டிக்கு மாத்திக்கிட்டான்?"

"அண்ணி, வெளிய போய்ப் பேசலாம்" என்று டுவேன் எழுந்தான்.

"இங்கேயே பேசலாம். டெஸ்ஸா, அதை மேசை மேல வைம்மா. ஆர்வில், ஹார்லன் வகுப்புல ஒரு சோதனை சொல்லிக் குடுப்பாரே, ஞாபகம் இருக்கா? உங்க பிள்ளைங்க ரெண்டு பேரும் அவர்கிட்டதானே படிச்சாங்க. அதைச் செஞ்சு காட்டுங்க."

"அதுல ஒண்ணும் கோளாறு இல்லை!" டுவேனின் குரல் கடை முழுக்கக் கேட்டது. "நான்தான் அப்பவே திருகைப் பழையபடி இறுக்கிட்டேனே!"

குழந்தை விழித்து அழுதது. வேறு சத்தம் இல்லை.

"எந்தத் திருகை?" என்றேன்.

ஆர்வில் டுவேனை நிமிர்ந்து பார்த்தார். கேலி பேசுகிறவர்தான், ஆனால் இரும்பைப் பற்றி ஒருவன் பொய் சொன்னால் அவருக்குத் தெரியும்.

"போட்டிக்காக டிரிகரை லேசாக்கினியா?"

"எல்லாரும் பண்றதுதான்."

"எல்லாரும் பண்ணிட்டு அதை அண்ணன் கையில குடுத்து மலைக்கு அனுப்பறதில்லை. திருகு மட்டும்தானா? இல்லை, உள்ள அரத்தைப் போட்டுத் தேய்ச்சியா?"

டுவேன் பின்வாசல் பக்கம் பார்த்தான்.

ஆர்வில் போல்ட்டைத் திறந்து, உள்ளே சுண்டுவிரலை விட்டுக் காலி என்று பார்த்தார். போல்ட்டை மூடிச் சேஃப்டியைப் போட்டார். டிரிகர் விசையை ஒருமுறை அழுத்தினார். ஒன்றும் ஆகவில்லை. விரலை எடுத்தார், நாங்கள் எல்லோரும் பார்க்கும்படி கையை அகல விரித்தார். பிறகு கட்டைவிரலால் சேஃப்டியை மட்டும் தள்ளினார்.

டிக்.

அப்போது யாரும் விசையைத் தொடவில்லை. சேஃப்டி போட்டிருக்கும்போது விசையில் செடி உரசலாம், கையுறை உரசலாம். நல்ல துப்பாக்கி அதை மறந்துவிடும். கெட்டது ஞாபகம் வைத்திருக்கும்.

நான் வாசலுக்குப் போய் வண்டியின் கண்ணாடியைத் தட்டினேன். "உள்ள வாங்க."

"மேவிஸ், நான்தான் சொன்னேனே."

"ஒரு சத்தம் கேக்கணும் நீங்க. வாங்க."

என் முகத்தைப் பார்த்துவிட்டு இறங்கினார். உள்ளே வந்தவர் தம்பியைப் பார்க்கவில்லை, டெஸ்ஸாவைப் பார்க்கவில்லை. செப்பு ஆணியைப் பார்த்தார். கட்டைவிரலால் அதைத் தடவினார். பிறகு அவரே போல்ட்டைத் திறந்து காலி என்று பார்த்தார். மூன்று வருஷமாகத் தொடாத கை, ஒரு அசைவுகூடத் தப்பவில்லை. சேஃப்டி. விசை. விரலை எடுத்தார். தள்ளினார்.

டிக்.

மறுபடி செய்தார். சத்தம் இல்லை. டுவேன் மூச்சு விட்டது கேட்டது. மறுபடி செய்தார். டிக்.

"விரலைப் பாத்தேன்னு சொன்னியே" என்றார் ஹார்லன்.

"அண்ணே..."

"என் விரலைப் பாத்தேன்னு சொன்னியே, டுவேன்."

"பயந்துட்டேன் அண்ணே. கேஸாயிடும்னு பயந்துட்டேன். அப்புறம் நாளாக நாளாக... எப்படிச் சொல்றது?"

"மூணு வருஷம் அந்த ஜோக்கை மட்டும் நல்லாச் சொன்னே" என்றேன். "இப்ப, நான் உள்ள நுழைஞ்சப்பக்கூடச் சொன்னே. இதோ இந்தப் பொண்ணு கையில போகும்போது ‘நேரா போகும்’னு சொன்னே. இன்னொருத்தி கால் போயிருந்தா, அவ முதுகுல இருக்கறது போயிருந்தா, அப்பவும் விரலைப் பாத்தேன்னு சொல்லியிருப்பே. உனக்கு அண்ணி இல்லை நான். இனிமே அந்த வார்த்தையைச் சொல்லாதே."

ஹார்லன் துப்பாக்கியிலிருந்து போல்ட்டை உருவி எடுத்தார். அது இல்லாமல் துப்பாக்கி வெறும் குழாய்தான். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வண்டிக்குப் போனார். ஆர்வில் தடுக்கவில்லை.

டுவேன் பின்வாசல் வழியாகப் போனான். காப்பிக் கோப்பை அடுப்பு ஓரத்தில் அப்படியே இருந்தது.

நான் அங்கேயே நின்று, அலமாரியில் இருந்த ஒவ்வொன்றையும் எடுத்து அதே சோதனையைச் செய்தேன். ஆர்வில் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். டுவேனிடம் வாங்கிப் போட்டபோது இவர் ஒரு தடவை இதைச் செய்திருந்தால் போதும். அவருக்கும் அது தெரியும், அதனால் நான் சொல்லவில்லை. கடைசியில் ஒன்று பிடித்தது. கறுப்புக் கட்டை, அழகே கிடையாது. பனியில் போட்டாலும் மழையில் போட்டாலும் கவலையில்லை.

"அதுல டிரிகர் கொஞ்சம் கனம்மா" என்றார்.

"அதான் வேணும். நான் சுடணும்னு நெனச்சாத்தான் அது சுடணும்."

"இதே மாதிரி இன்னொண்ணு இருக்கா?" என்று டெஸ்ஸா கேட்டாள்.

வண்டியில் புதுத் துப்பாக்கி பின்சீட்டில் கிடந்தது. ஏரிக்கரையை ஒட்டி ஹார்லன் மெதுவாக ஓட்டினார். அவர் கத்துவார், ஸ்டியரிங்கில் குத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பங்குக்கும் சேர்த்து நானே கொதித்துக்கொண்டிருந்தேன்.

"எனக்கு ஞாபகம் இருக்கு, மேவிஸ்" என்றார்.

"என்ன ஞாபகம்?"

"விரல் டிரிகர்ல பட்டது. அந்த ஜில்லுனு இருந்த இரும்பு. அழுத்தினது. எல்லாம் ஞாபகம் இருக்கு. அவன் சொல்லிச் சொல்லி, ஊர் சொல்லிச் சொல்லி, எனக்கே வந்துடுச்சு. இப்ப அது நடக்கலைன்னு தெரியுது. ஆனா ஞாபகம் போகலை."

பாதத்தை எடுத்தது துப்பாக்கி. உண்மையான ஞாபகத்தை எடுத்தவன் தம்பி. இதற்கு எந்தச் சட்டத்தில் என்ன பெயர் இருக்கிறது?

அணைக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தினார். பையிலிருந்து போல்ட்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். கீழே தண்ணீர் கறுப்பாக இருந்தது. எறியப் போகிறார் என்று நினைத்தேன். எறிந்தால் எறியட்டும் என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

"ஏரியில போட்டுட்டேன்னு சொல்ல நம்ம குடும்பத்துல ஒருத்தன் போதும்" என்றார்.

போல்ட்டைத் திரும்பப் பையில் போட்டார். வண்டியைத் திருப்பினார். டெபுடியின் மேசையில் குழலும் போல்ட்டும் சேர்ந்தே இருக்க வேண்டும். குழல் இன்னும் ஆர்விலின் கடையில்தான் கிடக்கிறது. ஊர் விளக்குகள் தெரிந்தபோதுதான் அவர் தாடை இறுகியிருந்ததைப் பார்த்தேன். கம்பளி அடைத்த பூட்ஸ் தரையில் மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தது. கடைசியில் அவருக்கும் கோபம் வந்திருந்தது; எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.