எண்பது வயதுப் பிள்ளை

திம்மராயனுக்கு நூற்றிரண்டு வயது. அவர் மகன் சென்றாயன் எண்பதில் செத்துப்போனார். பேரன், கொள்ளுப்பேரன் எல்லாம் பார்த்துவிட்டுப் போன சாவு. இதற்கு அழக்கூடாது என்பது குந்தாரப்பள்ளிப் பக்கத்து வழக்கம். கல்யாணச் சாவாம்! தேர் கட்டி, தப்பட்டை அடித்து, ஆடிப்பாடி அனுப்ப வேண்டுமாம். வழக்கத்தை வகுத்த மகராசன், செத்தவனுக்கு அப்பன் ஒருத்தன் உயிரோடு உட்கார்ந்திருப்பான் என்று நினைத்தே பார்த்திருக்க மாட்டான்.

கிழவரைத் தூக்கிவந்து வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார வைத்தார்கள். தப்பட்டையில் முதல் அடி விழுந்தது. சின்ன வயதில் சென்றாயனுக்குத் தப்பட்டைச் சத்தம் என்றாலே உயிர் போய்விடும். மாரியம்மன் திருவிழாவில் அப்பன் தோளில் ஏறி, கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அலறுவான்.

“முனிராசு, நிறுத்தச் சொல்லுடா. அவன் பயப்படுவான்.”

சென்றாயனின் மூத்த மகன் முனிராஜுக்கே தலை நரைத்துவிட்டது. “யாரு தாத்தா பயப்படறது?”

“உங்கப்பன்டா. எம்புள்ள.”

முனிராஜுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அப்பாவுக்கு எண்பது வயசு தாத்தா. எப்பேர்ப்பட்ட சாவு! சத்தமில்லாம தூக்கினா ஊரு காறித் துப்பாதா?”

“கெழவனுக்குப் புத்தி பெரண்டு போச்சு” என்றார் யாரோ. புத்தி தெளிவாகத்தான் இருந்தது, பாவி மனிதருக்கு. கால்தான் எழவில்லை. எழுந்திருந்தால் அந்தத் தப்பட்டையைப் பிடுங்கி அடுப்பில் வைத்திருப்பார். கட்டில் சட்டத்தைப் பிடித்து எம்பிப் பார்த்தார். முடியாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

தேர் கிளம்பியது. பொரியையும் காசையும் வாரி இறைத்தார்கள். நயா பைசா வந்துவிட்ட காலம்தான். ஆனாலும் நடுவில் துளையுள்ள பழைய ஓட்டைக் காலணாவில்தானே கயிறு நுழையும்! அதைப் பிள்ளைகளின் அரைஞாணில் கட்டினால் நீண்ட ஆயுசு என்று பெண்கள் முட்டி மோதிப் பொறுக்கினார்கள். தேர் ஏரிக்கரைப் பக்கம் திரும்பியபோது கிழவர் இருந்த மூச்சையெல்லாம் கூட்டிக் கத்தினார்.

“சென்றாயா, பயப்படாதடா! அப்பன் இங்கதான் இருக்கறேன்!”

தப்பட்டைச் சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை.

பக்கத்து வீட்டுப் பூவம்மாள் நல்ல மனசோடுதான் வந்தாள். பொறுக்கிய ஓட்டைக் காலணாக்களில் ஒன்றை அவர் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டாள்.

“நீங்களும் ஒண்ணு வெச்சுக்கோங்க தாத்தா. இன்னும் ஆயுசு கூடும்.”

கிழவர் அதை வீசி எறியப் பார்த்தார். மடங்கிய விரல்கள் விரியவில்லை.